வாடகை பிந்தினால் அபராதம் வாங்கலாமா?



உங்களில் பலர் வீடோ கடையோ வாடகைக்கு விட்டிருப்பீர்கள். அந்த ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். 5ஆம் தேதிக்குள் வாடகை தராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் என்பது போல ஒரு வரி இருக்கிறதா? பத்திரம் எழுதுபவர் வழக்கமாகப் போடுவதைப் போட்டிருப்பார். நாமும் படிக்காமல் கையெழுத்திட்டிருப்போம். இன்றைய பேச்சு அந்த ஒரு வரியைப் பற்றியதுதான்.

வாடகை ஹலாலான வருமானம். வீட்டின் பயனைக் கொடுக்கிறீர்கள், அதற்கு விலை வாங்குகிறீர்கள். ஆனால் ஒருவர் குடியிருந்த மாதத்துக்கான தவணை வந்துவிட்டால், அந்தத் தொகை அவர் மீது கடனாகி விடுகிறது. வாடகை 8,000 ரூபாய் என்றால் கடன் 8,000 ரூபாய்தான். பத்து நாள் பிந்தியதற்காக 9,000 கேட்டால், கூடுதல் 1,000 எதற்கு விலை? வீட்டுக்கு அல்ல, அவகாசத்துக்கு. அறியாமைக் காலத்தில் தவணை முடிந்ததும், "இப்போது தருகிறாயா, கூட்டித் தருகிறாயா?" என்று கடனாளியிடம் கேட்பார்கள். அதுதான் தடுக்கப்பட்ட ரிபா. லேட் ஃபீஸ் என்று பெயர் வைத்தால் மட்டும் அது மாறிவிடாது.

"கட்டிட வேலையைத் தாமதப்படுத்தும் காண்டிராக்டரிடம் அபராதம் வாங்குகிறோமே?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடியபோது அத்தகைய நிபந்தனையை அனுமதித்தது. தர வேண்டியது கடனாக இருந்தால் மட்டும் கூடாது என்று விலக்கியது. காண்டிராக்டர் தர வேண்டியது வேலை. வாடகைக்காரர் தர வேண்டியது பணம்.

"சட்டம் அனுமதிக்கிறதே?" என்றும் கேட்கலாம். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் தாமதத் தொகையைப் பற்றிப் பேசுகிறது, உண்மைதான். அதை வட்டி என்ற சொந்தப் பெயரிலேயே சொல்கிறது!

சரி, அந்த வாடகையை நம்பியே சமையல் செய்யும் விதவைத் தாய் இருக்கிறார். அவர் ஏமாந்து நிற்க வேண்டுமா? இல்லை. வசதியிருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். சம்பளம் வந்த கையோடு புது போன் வாங்கிவிட்டு ஓனரிடம் கையை விரிப்பவர் அந்த எச்சரிக்கைக்கு உரியவர். அவரிடம் கண்டிப்புடன் கேளுங்கள். அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுக்கலாம், வாடகை நீதிமன்றத்துக்கும் போகலாம். வீம்புக்கு இழுத்தடித்தவரிடம், வசூலுக்கு உண்மையிலேயே ஆன செலவைக் கேட்பதை அறிஞர்கள் பலர் அனுமதிக்கிறார்கள். ஆனால் தண்ணீரை நிறுத்துவது, கரண்ட்டைத் துண்டிப்பது வேண்டாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதைத் தடுக்கிறது.

வேலை போனவர், மருத்துவமனையில் பிள்ளையை வைத்திருப்பவர் விஷயம் வேறு. அல்பகரா அத்தியாயத்தின் 280ஆவது வசனம் அவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. விட்டுக்கொடுத்தால் இன்னும் சிறப்பு என்கிறது. இவர் யார், அவர் யார் என்று எப்படித் தெரியும்? வாசலில் நின்று சத்தம் போட்டால் தெரியாது. உட்கார்ந்து விசாரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தாமதித்தால் இவ்வளவு தொகையை ஏழைகளுக்குத் தர்மமாகத் தருகிறேன் என்று வாடகைக்காரரிடம் எழுதி வாங்குவதைச் சில அறிஞர்கள் ஏற்கிறார்கள். வசதியிருந்தும் தராதவரை நெறிப்படுத்தத்தான் அது. அதில் ஒரு ரூபாய்கூட ஓனருக்குச் சேரக் கூடாது.

இங்கே ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. நம் பள்ளிவாசல்கள் பலவற்றின் செலவு கடை வாடகையில்தான் ஓடுகிறது. அந்தக் கடைகளின் ஓனர் பள்ளிவாசல்தான். ஆகவே "அபராதம் பள்ளிக்குத்தானே போகிறது, அது தர்மம்தானே" என்று சொல்ல முடியாது. ரசீதுப் புத்தகத்தில் 'தாமதக் கட்டணம்' என்ற வரி இருந்தால், அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அதை முதல் பொருளாக எடுங்கள். இதுவரை அப்படி வாங்கிய தொகையைக் கடைக்காரர்களின் வரும் மாத வாடகையில் கழித்துவிடுங்கள்.