கயிறு யார் கையில்?

என்னுடைய சரித்திர நாவல்களில் குதிரைகளுக்குப் பஞ்சமே கிடையாது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு வாலிபன் குதிரைமீது வந்துவிடுவான். காட்டாற்றைத் தாண்டுவான், கோட்டை வாசலில் கடிவாளத்தைச் சுண்டி நிறுத்துவான், எதிரிகள் துரத்தினால் புழுதி பறக்க மறைந்துவிடுவான். இவ்வளவையும் எழுதிய நான், ஐம்பது வயது வரையில் ஒரு குதிரையின் கழுத்தைத் தொட்டதுகூட இல்லை. இத்தனை வருஷங்களாக வாசகர் ஒருவரும் இதைப்பற்றிக் கேட்கவில்லை. பதினொரு வயது மகள் கேட்டுவிட்டாள்.

"அப்பா, நீங்க குதிரை ஏறியிருக்கீங்களா?"

"இல்லையம்மா."

"அப்புறம் எப்படி எழுதினீங்க?"

விமர்சகர்களுக்குப் பதில் சொல்லிவிடலாம். குழந்தைகளுக்குச் சொல்ல முடியாது. இரண்டு பேருமாகச் சேர்ந்து குதிரையேற்றம் கற்றுக்கொள்வது என்று அன்றைக்கே தீர்மானமாயிற்று. "இந்த வயதில் இது வேண்டுமா?" என்று கேட்ட என் மனைவி, பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னாள்: "நல்ல ஆளாகப் பார்த்துச் சேருங்கள்."

நல்ல ஆள்! சொல்வதற்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! கத்தரிக்காயில் நல்லது கெட்டது எனக்குத் தெரியும், பொறுக்கி வாங்கிவிடுவேன். ஆனால் குதிரையேற்றத்தில் நல்லது எது என்று எனக்குத் தெரியுமானால் ஆசிரியரே வேண்டியதில்லையே! தெரியாதவன் தெரிந்தவனை எப்படி எடை போடுவது? வைத்தியரிடம் போகும்போதும், குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதும் இதே சங்கடந்தான். அங்கெல்லாம் நாலு பேர் போகும் வழியில் நாமும் போய்விடுகிறோம். குதிரை விஷயம் அப்படியல்ல. நானூறு, ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணியின் முதுகில், ஆள் உயரத்துக்கு மேலே, என் குழந்தையை உட்கார வைக்கப் போகிறேன். கீழே நின்று அதை நடத்தப் போகிறவர் யார் என்று கேட்பது தகப்பனுக்குக் கடமையல்லவா?

முதலில் போன இடம் மிகவும் ஜோராக இருந்தது. சுவர் நிறையப் புகைப்படங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் சர்டிபிகேட்டுகள். முழங்கால் வரை பளபளக்கும் பூட்ஸ் அணிந்த ஆசிரியர், "பத்தே நாளில் நாலுகால் பாய்ச்சலில் விடுகிறேன், சார்" என்றார். என் கதாநாயகர்கள் எல்லோரும் என் மனத்துக்குள் கை தட்டினார்கள். அந்தச் சமயத்தில் லாயத்துப் பையன் ஒரு குதிரையின் சேணத்தைக் கழற்றினான். என் மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, முதுகிலே புண்ணு." சேணம் உராய்ந்து உராய்ந்து தோல் கழன்றிருந்தது. ஆசிரியர் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் அதுக்குப் பழக்கம், பாப்பா" என்றார். வாய் திறந்து புகார் சொல்ல முடியாத ஒரு ஜீவனிடம் இப்படி இருக்கிறவர், வாய் திறக்கப் பயப்படும் குழந்தையிடம் எப்படி இருப்பார்? திரும்பிவிட்டோம்.

வரும் வழியில் திருவிளையாடல் கதை நினைவுக்கு வந்தது. குதிரை வாங்கி வரும்படி பாண்டியன் கொடுத்தனுப்பிய பொன்னை மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் கோயில் திருப்பணிக்குச் செலவழித்துவிட, சிவபெருமானே குதிரை வியாபாரியாக வந்து, நரிகளைப் பரிகளாக்கிக் கொடுத்த கதைதான். பகலில் பார்த்தபோது அத்தனையும் உயர்ந்த சாதிக் குதிரைகள். இரவில் அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போயின. அந்தக் கதையில் 'கயிறு மாற்றிக் கொடுத்தல்' என்று குதிரை வியாபாரத்தின் வழக்கம் ஒன்று வருகிறது. கயிறு விற்பவன் கையிலிருந்து வாங்குபவன் கைக்கு மாறிவிட்டால், அப்புறம் விற்றவனுக்குப் பொறுப்பில்லை. இந்த வழக்கத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

இரண்டாவது இடத்தில் நரி இல்லை. அந்த ஆசிரியர் உண்மையிலேயே நல்ல மனுஷர். தம்முடைய குதிரைகளுக்குத் தம் கையாலேயே புல் ஊட்டினார். ஒவ்வொன்றையும் செல்லப் பெயர் சொல்லி அழைத்தார். "தலைக்கவசம் வேண்டாமா?" என்று கேட்டேன். "எதற்கு, சார்? இது என் பிள்ளை மாதிரி. ஒருநாளும் யாரையும் தள்ளாது" என்றார். சத்தியமாக அவர் அதை நம்பினார். அவருடைய கண்களில் பொய் கிடையாது. எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. நேர்மையான மனிதரை நம்பக்கூடாதா?

இந்த இடத்தில் பெர்லின் நகரத்துக் குதிரை ஒன்றின் கதையைச் சொல்ல வேண்டும். அதன் பெயர் ஹான்ஸ். வில்ஹெல்ம் வான் ஆஸ்டன் என்ற ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் அதற்குக் கணக்குக் கற்றுக் கொடுத்தார். கூட்டல், கழித்தல் கணக்குகளுக்கு அது குளம்பால் தட்டித் தட்டி விடை சொல்லிற்று. 1904-இல் அறிஞர்கள் குழு ஒன்று பரிசோதித்து, இதில் மோசடி எதுவும் இல்லை என்று கூறிவிட்டது. ஆனால் ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் விடவில்லை. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாமலிருந்தால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாமல் செய்தாலும் அது தடுமாறிற்று. 1907-இல் வெளியான அவருடைய ஆராய்ச்சி விஷயத்தை விளக்கியது. தட்டல் சரியான எண்ணை அடைந்ததும் கேட்பவரின் தலையும் முகமும் தம்மையறியாமல் இம்மியளவு அசைகின்றன. அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்திவிடுகிறது. ஆஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை, தாமே ஏமாந்திருந்தார். கடைசி வரையில் அதை ஒப்புக்கொள்ளவும் இல்லை.

நேர்மை வேறு, நம்பகம் வேறு. நேர்மையானவன் தான் நம்புவதைச் சொல்கிறான். நம்பத் தகுந்தவனோ, தன் நம்பிக்கை தவறாக இருந்துவிட்டால் பிறருக்கு என்ன ஆகும் என்றும் யோசித்து வைக்கிறான். தலைக்கவசம் என்பது குதிரைமீது சந்தேகமல்ல. 'நான் தவறாக நினைத்திருக்கலாம்' என்னும் அடக்கம். மனம் இல்லாமலே இரண்டாவது இடத்தையும் விட்டு வந்தோம்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் ராணுவத்தில் குதிரைகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கடற்கரைச் சாலை ஓரம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் நான்கு குதிரைகள்; கீற்றுக் கொட்டகை லாயம். சுவரே இல்லாததால் புகைப்படமும் இல்லை! நாங்கள் அவரை விசாரிப்பதற்கு முன்னால் அவர் எங்களை விசாரித்தார். எனக்கு முழங்கால் வலி உண்டா? குழந்தை எப்போதாவது விழுந்து அடிபட்டிருக்கிறாளா? எதற்காகக் கற்றுக்கொள்ள வருகிறோம்? நான் நம்பகமான ஆசிரியரைத் தேடிப் போனேன். அவர் தம் குதிரைகளுக்கு நம்பகமான மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தார்!

முதல் நாள் எங்களை ஏற்றவே இல்லை. குதிரைக்கு நேர் பின்னால் கண் தெரியாது, அதனால் தோள் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே வர வேண்டும் என்றார். குதிகால் சற்று உயர்ந்த செருப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் வழுக்கிப் போய், விழும்போது மாட்டிக்கொள்ளும் என்றார். சேணத்தின் வயிற்று வாரை இறுக்கிய பிறகு, ஏறுவதற்கு முன் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். வார் கட்டும்போது சில குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளுமாம். என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சின்னக் குதிரை உங்களைத் தாங்காது, சார். அந்தப் பெரியதுதான்" என்றார். எந்த விதிக்கும் 'ஏன்' என்று கேட்டால் பதில் இருந்தது. கோபமாக இருக்கும்போது குதிரையின் அருகில் போகக்கூடாது என்றும் சொன்னார். இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் கிரேக்க நாட்டு ஸெனஃபன் குதிரையேற்றத்தைப் பற்றி எழுதிய நூலில் இதையேதான் சொன்னான். பெரியவர் அதைப் படித்தவரல்லர், குதிரைகளிடம் கற்றிருந்தார்.

பிறகு பாடம் தொடங்கியது. நீண்ட கயிற்றின் ஒரு முனை குதிரையிடம். மறு முனை நடுவில் நிற்கும் பெரியவரின் கையில். குதிரை வட்டமாகச் சுற்றி வரும். நாலாவது வாரம் அது நடந்தது. எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் தாள் காற்றில் பறந்து வந்தது. குதிரை திடுக்கிட்டு ஒதுங்கியது. என் மகள் பிடரி மயிரைப் பற்றிக்கொண்டு எப்படியோ சமாளித்துவிட்டாள். ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்லேம்மா! பயமா இருக்கா என்ன?" என்று சத்தம் போட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "இல்லைப்பா" என்றாள்.

"அப்படின்னா இன்னொரு சுற்று வா!"

பெரியவர் குதிரையை நிறுத்தினார். என் பக்கம் திரும்பாமல் அவளிடம் போய், "பாப்பா, இறங்கணுமா, இருக்கணுமா? எதுன்னாலும் சரிதான்" என்றார். குழந்தை அழுதுவிட்டாள். "இறங்கணும்" என்றாள். இறக்கிவிட்டு, கடிவாளத்தை அவள் கையில் கொடுத்து, குதிரையோடு சும்மா நடந்துவிட்டு வரச் சொன்னார். அதன் பிறகு என்னிடம், "கயிறு என் கையில இருக்கும்போது, மேலே இருக்கிறவங்க பேச்சைத்தான் நான் கேக்கணும், சார்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெர்லின் நகரத்து ஹான்ஸ் என் எதிரில் வந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தது. கேட்பவரின் முகம் எந்த விடையை வேண்டுகிறதோ அந்த விடையைக் கொடுத்தது அந்தக் குதிரை. என் மகளும் அதைத்தானே செய்தாள்? 'பயமில்லை' என்ற விடை என் முகத்தில் எழுதியிருந்தது, படித்துச் சொல்லிவிட்டாள். இன்னும் எத்தனை கேள்விகளுக்கு, எத்தனை வருஷங்களாக, என் முகத்தைப் பார்த்தே விடை சொல்லி வந்திருக்கிறாளோ! பெரியவர் கேட்ட கேள்வியிலோ விடை ஒளிந்திருக்கவில்லை.

ஆசிரியரை நாங்கள் மூன்று இடங்களில் தேடிப் பார்த்துப் பொறுக்கினோம். தகப்பனை அவள் பொறுக்கவில்லை. சுவரில் சர்டிபிகேட் இருக்கிறதா, முதுகில் புண் இருக்கிறதா என்று பார்க்க அவளுக்குச் சந்தர்ப்பமே கிடைக்கவில்லை. பிறந்த அன்றைக்கே கயிறு என் கையில் இருந்தது. வியாபாரத்தில் கயிறு மாறினால் பொறுப்பும் மாறிவிடலாம். பிள்ளை வளர்ப்பில் மாறாது. பெரியவர் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு, குழந்தையின் பயத்தைக் கேட்க வேண்டிய காதையும் அவரிடமே கொடுத்துவிட்டு நிற்கலாமா நான்?

யாரை நம்புவது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இவ்வளவுதான். யார் முன்னிலையில் 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று ஒரு குழந்தை மரியாதை குறையாமல் சொல்ல முடிகிறதோ, அவரை நம்பலாம். இதை அறிவதற்குக் குதிரை சாஸ்திரம் தெரிய வேண்டியதில்லை. குழந்தையின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரம் அவளாகவே ஏறினாள். ஐந்து மாதம் கழித்து ஒருநாள் காலையில் பெரியவர் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அவள் தானாகவே குதிரையை நடத்திக்கொண்டு தோப்பு வரை போய்த் திரும்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்னும் கயிறு அவிழவில்லை. "உங்களுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும், சார்" என்கிறார் பெரியவர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.