காற்றும் பாயும்

மனிதன் தன் வாழ்வைத் தானே செலுத்துகிறானா, அன்றி வேறொன்றால் செலுத்தப்படுகிறானா? இது புதிய வினா அன்று. வள்ளுவப் பெருந்தகையும் இதனை ஒருபக்கமாக முடித்துவிடவில்லை. ஊழின் வலிமையைக் கூற 38ஆம் அதிகாரத்தை வகுத்த அவரே, ஆள்வினையுடைமை என்று 62ஆம் அதிகாரத்தையும் வகுத்தார். இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று, ஒரு நாள் ஊழை நொந்தும் மறுநாள் முயற்சியைப் புகழ்ந்தும் காலம் கழிப்பவர்கள் நாம்.

புறநானூறு இவ்விரு எண்ணங்களையும் இரு நீர்க்காட்சிகளாகவே நம் கண்முன் வைக்கிறது. 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார், மனித உயிரை மலையாற்று வெள்ளத்தில் செல்லும் தெப்பத்திற்கு ஒப்பிடுகிறார். தெப்பத்திற்குப் பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. நீர் போகும் வழியே அதன் வழி. 66ஆம் பாடலில் வெண்ணிக் குயத்தியாரோ, கரிகால் வளவனைக் காற்றையே ஏவல் கொண்டு பெருங்கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றலே என்று விளிக்கிறார். நாம் தெப்பமா? பாய்க்கலமா?

ஆசிரியத் தொழிலில் புகுந்த நாள்முதல் நான் பாய்க்கலத்தின் பக்கமே நின்றேன். முயன்றால் முடியாதது இல்லை என்று ஆண்டுதோறும் மாணவர்க்கு ஓதினேன். அந்த உறுதியை அசைத்தது ஒரு நூல் அன்று. ஒரு விடுமுறையில் கடலில் கழிந்த மூன்று நாள்கள்.

2018ஆம் ஆண்டு தேசிய தினமாகிய ஆகஸ்டு 31 வெள்ளிக்கிழமையில் வந்தது. சனியும் ஞாயிறும் சேர, மூன்று நாள் ஓய்வு கிட்டியது. என்னிடம் தோட்டப் பள்ளியில் படித்து, இன்று பொறியியலாளராக விளங்கும் மாணவர் ஒருவர், நண்பர் இருவருடன் கூட்டாக ஒரு சிறு பாய்மரப் படகு வைத்திருந்தார். "ஐயா, ஒரு முறையாவது வந்து பாருங்கள்" என்று அவர் பலகாலம் அழைத்ததை அம்முறை மறுக்க இயலவில்லை. பேராக் மாநிலத்தின் லூமுட்டிலிருந்து புறப்பட்டுப் பங்கோர்த் தீவைச் சுற்றி வருவது எங்கள் திட்டம்.

1874ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்ற தீவு அது. அதன் கிழக்குக் கரையில் மீனவர் கிராமங்களும், மாசி மகத்திற்குப் பெயர்பெற்ற பத்திரகாளியம்மன் ஆலயமும் உள்ளன. மேற்குக் கரையில் மலை கடலுக்குள் இறங்கும் இடந்தோறும் ஒரு சிறு குடா. மலாய் மொழியில் 'தெலுக்' என்பர். தெலுக் நிப்பா அவற்றுள் ஒன்று.

வெள்ளி காலை காற்றே இல்லை. பாய் துவண்டு தொங்கியது. படகில் மோட்டார் இருந்தும் என் மாணவர் அதனை இயக்கவில்லை. அவர் சும்மாவும் இருக்கவில்லை. கயிறுகளைச் சுருட்டி ஒழுங்குசெய்தார், முடிச்சுகளைச் சோதித்தார், நீரின் நிறத்தையும் மரங்களின் உச்சியையும் பார்த்த வண்ணம் இருந்தார். "நிலம் சூடேறட்டும் ஐயா; காற்று வரும்" என்றார். வெயில் ஏற ஏறத் தீவின் நிலப்பரப்பு சூடாகி, அதன்மேல் இருந்த காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வீசத் தொடங்கியது. ஆண்டுதோறும் அறிவியல் பாடத்தில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் கடற்காற்று அது. அன்றுதான் அதனை என் முகத்தில் உணர்ந்தேன்.

நாங்கள் செல்ல வேண்டிய திசை மேற்கு. காற்று வந்த திசையும் மேற்கு. இனிச் செல்ல முடியாது என்றே எண்ணினேன். அவர் சுக்கானைத் திருப்பினார். படகு காற்றுக்கு நேராகச் செல்லாமல் ஒருபக்கம் சாய்ந்து வடமேற்காக ஓடியது. சிறிது தூரம் சென்றதும் திரும்பித் தென்மேற்காக ஓடியது. இவ்வாறு வளைந்து வளைந்து, காற்று வரும் திசையை நோக்கியே முன்னேறினோம். எந்தப் பாய்க்கலமும் காற்றுக்கு நேர் எதிரே செல்லாது. இருபுறமும் ஏறத்தாழ 45 பாகை விலகியே செல்ல இயலும். பாய் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது. படகின் அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் கனத்த பலகை அப்பக்கத் தள்ளலைத் தடுக்கிறது. எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது.

என் உள்ளம் பூரித்தது. எதிர்க்காற்றையும் துணைக்காற்றாக்குவதன்றோ முயற்சி! அடுத்த வாரச் சபைக்கூடலில் மாணவர்க்கு இதனையே சொல்ல வேண்டும் என்று மனத்தில் சொற்களைக்கூட அடுக்கிவிட்டேன். அன்றிரவு தெலுக் நிப்பாவில் நங்கூரமிட்டு, கரையின் விளக்குகளைப் பார்த்தபடி நிம்மதியாக உறங்கினோம்.

சனியன்று மாலை மீன் வாங்க வேண்டி, தீவைச் சுற்றிக் கிழக்குப் புறம் வந்து, மலையின் மறைவில் நங்கூரமிட்டோம். விடிவதற்கு முன் மேற்கு வானம் இருண்டு மின்னியது. நம் மேற்குக் கரையில் 'சுமத்ரா' என்று சொல்லப்படும் காற்று அது. சுமத்திராத் தீவின் மேலும் நீரிணையின் மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து வரும். அவற்றோடு வரும் காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடியது. பாய்மரக் கயிறுகள் ஊளையிட்டன. மழை ஊசியாய்க் குத்தியது. மலை எங்களைக் காத்தது. ஒரு மணி நேரத்தில் யாவும் அடங்கின.

காலையில் படகுத்துறையில் மீனவர் ஒருவர் செய்தி சொன்னார். மேற்குக் குடா ஒன்றில் தங்கியிருந்த ஒரு படகு நங்கூரம் பிடியாது மணலில் தூக்கி எறியப்பட்டதாம். நல்வாய்ப்பாக எவர்க்கும் காயமில்லை. "பொறுப்பற்றவர்கள்! இந்தப் பருவத்தில் மேற்குப் புறத்தில் தங்கலாமா?" என்றேன் நான்.

என் மாணவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அமைதியாகச் சொன்னார்: "முதல் நாள் இரவு நாமும் அந்தப் பக்கத்தில்தான் தங்கினோம் ஐயா. அன்று காற்று வரவில்லை, அவ்வளவுதான்."

எனக்கு மறுமொழி இல்லை. செயல் ஒன்று, இரவு வேறு. ஓர் இரவு செய்தவர் நன்றாக உறங்கி எழுந்த பயணிகள். மறு இரவு செய்தவர் பொறுப்பற்றவர்கள். இதே மேற்குப் புறத்தைத் தேர்ந்த என்னை, நான் ஒருபோதும் பொறுப்பற்றவன் என்று அழைத்துக்கொள்ளவில்லை.

அவர் மேலும் சொன்னார்: "இப்படி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நினைவுதான் வரும்."

யாரைக் குறிக்கிறார் என்பது எனக்கு உடனே விளங்கியது. 1995ஆம் ஆண்டு, ஆறாம் வகுப்பு. இருவரும் ஒரே மேசை. இவர் கிராணியின் மகன். வீட்டில் விளக்கும் மேசையும் அண்ணன்மாரின் பழைய புத்தகங்களும் உண்டு. மற்றவன் லயத்துப் பையன். தந்தையை இழந்தவன். குளிர்ந்த வைகறையில்தான் ரப்பர்ப் பால் நன்கு சுரக்கும் என்பதால், பெரட்டுக்குத் தாயோடு எழுந்து, நிரையில் மங்கு துடைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடி வருவான். முதல் பாடத்தில் தூங்குவான். யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு முன், வகுப்பார் அனைவரும் கேட்க, இவரைக் காட்டி அவனிடம் நான் சொன்னேன்: "இவனும் உன் வயதுதான். இவன் முயல்கிறான், நீ முயலவில்லை." புகுமுக வகுப்போடு அவன் படிப்பு நின்றது. என் தீர்ப்பு மெய்யாயிற்று என்றே அன்று எண்ணினேன்.

"ஐயா, கணக்கில் எனக்கு வழி சொல்லிக் கொடுத்தவனே அவன்தான்" என்றார் என் மாணவர்.

லூமுட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நல்ல காற்று. எனக்கோ அதில் இன்பமில்லை. அவனை எழுப்பிய தாயையும் நான் அறிவேன்; அந்த நிரையையும் அறிவேன். அறிந்திருந்தும், தூங்கிய கண்களை மட்டுமே கணக்கில் எடுத்தேன்.

இங்கே ஒரு தடை எழும். எல்லாம் காற்றின் செயல் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால், அவர்கள் பாயைச் சுருட்டி வைத்துவிட மாட்டார்களா? ஆசிரியனாகிய எனக்கு இத்தடையின் வலிமை நன்கு தெரியும். இருட்டில் எழுந்து படித்த பிள்ளையின் உழைப்பை, உனக்குக் காற்று வாய்த்தது என்று சொல்லிக் குறைப்பதும் அநீதியே. காற்று எவ்வளவு வீசினும் பாய் விரிக்காத படகு துறையிலேயே கிடக்கும். வெள்ளி காலையில் கயிறுகளைச் சோதித்துக் காத்திருந்தவரை நான் பார்த்தேன், அக்காத்திருப்பும் உழைப்பே.

ஆயினும், பாய் மட்டும் போதும் என்பதும் பொய். தமிழகத்துக் கரையிலிருந்து கடாரத்திற்கு வணிகக் கலம் செலுத்திய நம் முன்னோர், திறமையில் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். அவர்களும் தென்மேற்குப் பருவக்காற்றில் கிழக்கே வந்து, வடகிழக்குப் பருவக்காற்று எழும் வரையில் துறைகளில் தங்கியே மீண்டனர். அவர்களைச் சோம்பர் என்று எவரேனும் சொல்வரா? இன்னும் ஒன்று. மோட்டார் உடைய படகுக்குக் காற்றின் கவலை பெரிதில்லை. தனிப்பயிற்சிக்குப் பணமும் தனியறையும் உள்ள பிள்ளை மோட்டார் உள்ள படகு. அதனையும் பாய் மட்டுமே உள்ள படகையும் ஒரே கோட்டில் நிறுத்தி, யார் முந்தினார் என்று பார்த்துப் பரிசளிப்பதை நாம் நீதி என்று அழைத்து வருகிறோம்.

ஆகவே, தெப்பமா பாய்க்கலமா என்ற வினாவுக்கு ஒரே விடை தேடியதே என் பிழை என்று இன்று எண்ணுகிறேன். யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து வினா மாற வேண்டும். என் வாழ்வைப் பற்றி நான் கேட்கும்போது, "பாயை விரித்தேனா?" என்று கேட்க வேண்டும். பிறர் வாழ்வைத் தீர்ப்பிடும்போது, "அவருக்குக் காற்று எப்படி இருந்தது?" என்று முதலில் கேட்க வேண்டும். நாம் செய்வது பெரும்பாலும் இதன் தலைகீழ். நம் தோல்விக்குக் காற்றையும், பிறர் தோல்விக்கு அவர் பாயையும் காரணம் காட்டுகிறோம்.

சில வாரங்களுக்குப் பின், முகவரி பெற்று அந்த மற்ற மாணவரைக் காணச் சென்றேன். லாரி ஓட்டுகிறார். தேநீர் கொடுத்து உபசரித்தார். நான் தயங்கித் தயங்கி அன்று சொன்னதை நினைவூட்டினேன். மறந்திருப்பார் என்ற நப்பாசை எனக்கு. அவர் சிரித்துக்கொண்டே, "நீங்கள் சொன்னது சரிதானே ஐயா. நான்தான் முயலவில்லை" என்றார். அருகில் இருந்த மகனைக் காட்டி, "இவனுக்கும் அதைத்தான் சொல்கிறேன்" என்றார்.

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். 23 ஆண்டுகளாக என் பிழையான தீர்ப்பைத் தம் மனச்சான்றின் குரலாகவே அவர் சுமந்திருக்கிறார். "இல்லை தம்பி. நீ முயன்றாய். நான்தான் பார்க்கவில்லை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன் மட்டும் தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

வீடு திரும்பியதும் அவ்விரு புறப்பாடல்களையும் மீண்டும் எடுத்துப் படித்தேன். இளமையில் கற்றபோது அவற்றின் காட்சிகளை நினைவில் வைத்தேன். முடிவுகளை நெஞ்சில் வைக்கவில்லை. உயிரைத் தெப்பம் என்ற பூங்குன்றனார், ஆதலால் சோம்பியிரு என்று சொல்லவில்லை. பெரியோரைக் கண்டு வியக்காமையும், அதனினும் மேலாகச் சிறியோரை இகழாமையுமே அவர் கண்ட முடிபு. காற்றை ஆண்டவன் வழிவந்தோனே என்று கரிகாலனைப் புகழத் தொடங்கிய வெண்ணிக் குயத்தியாரோ, வென்ற அவனிடமே, புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரன் உன்னினும் நல்லவன் அன்றோ என்று கேட்டு முடிக்கிறார். தோல்வியைத் தன்னுடையதாகவே ஏற்றுக்கொண்டவனின் பெருமையை ஒரு குயவர்குலப் பெண் அன்றே கண்டாள். எனக்கு அதனைக் காட்ட ஒரு லாரி ஓட்டுநர் தேவைப்பட்டார்.

இப்போதும் என் பள்ளியில் முயற்சியைப் பற்றிப் பேசுகிறேன், அதனை விடமாட்டேன். ஆனால், முதல் பாடத்தில் கண்ணயரும் பிள்ளையை எவரேனும் என் அறைக்கு அனுப்பினால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நேற்று இரவு எத்தனை மணிக்குப் படுத்தாய், அம்மா?" விடை வரும் வரையில் காத்திருக்கிறேன்.