மாசும் தீட்டும்

சுற்றுச்சூழல் பற்றிய குறும்படங்களைத் தியேட்டர்களில் காட்ட வேண்டும், பள்ளி கல்லூரிகளில் அதைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில் சொன்னது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கு அது. படம் பார்த்தால் புத்தி வரும் என்ற நம்பிக்கை அந்தத் தீர்ப்புக்குள் இருக்கிறது. பார்க்கிறவன் எந்தத் தெருவிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி அதில் இல்லை. திண்டுக்கல்லிலும் சுற்றுப்பட்டிகளிலும் மாணவர்களுக்கு ஆவணப்படம் போட்டுக் காட்டிப் பேசுகிறவன் நான். எனக்கு அந்தக் கேள்வியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரில் சுற்றுச்சூழலைத் தேடிப் போக வேண்டியதில்லை. தோல் ஷாப்புகள் போதும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தொழிலில் பின்னால் குரோம் உப்பு வந்தது. கழிவு நிலத்துக்குள் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பிலேயே நம்ம ஊர்க் கணக்கு இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் எடுத்த கணக்கெடுப்பு: 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயின. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. மாசு செய்தவனே விலை கொடுக்க வேண்டும் என்பதை நாட்டின் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. நல்ல தீர்ப்புதான், மறுக்கவில்லை.

இனி படத்துக்கு வருகிறேன். ஒரு கல்லூரியில் தோல் பதனிடுதல் பற்றிய படம் ஓடிக்கொண்டிருந்தது. நுரைத்த வாய்க்கால், குவித்து வைத்த பச்சைத்தோல், சுண்ணாம்புக் குழி. முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பொத்தினார்கள். திரையில் நாற்றம் வருமா? வராது. ஆனாலும் கை தானாக மூக்குக்குப் போகிறது. பின்வரிசையில் ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். படம் முடிந்ததும் வெளியே வந்து, "சார், அந்தக் குழிக்குள்ளதான் எங்கய்யா இருவது வருசம் நின்னாரு. அவரு காலைக் காட்டலையே சார்" என்றான்.

அவன் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. மாசு என்ற சொல் வகுப்பறைக்குள் நுழைவதற்கு வெகுகாலம் முன்பே தீட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. தோல், சாணி, சாக்கடை, செத்த மாடு என்றால் யார் ஞாபகம் வர வேண்டும் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தாயிற்று. நாம் போட்டுக் காட்டும் படம் அருவருப்பை மட்டும் கிளப்பிவிட்டு நின்றால், அது விஞ்ஞானத்தின் பெயரால் பழைய பாடத்தையே திரும்ப நடத்துகிறது. தண்ணீரைக் கெடுத்தவன் முதலாளி. மூக்கைப் பொத்துவதோ கூலிக்காரனைப் பார்த்து.

"விஷத்துக்கு ஏதுங்க சாதி?" என்று ஒரு பேராசிரியர் கேட்டார். விஷத்துக்கு இல்லை. கிணற்றுக்கு இருக்கிறதே! அந்த 350-ல் ஊர்க் கிணறு எத்தனை, சேரிக் கிணறு எத்தனை? தீர்ப்பில் அந்தப் பிரிப்பு இல்லை. ஊர்க்காரன் கிணறு கெட்டால் அடுத்த கிணற்றுக்குப் போவான். சேரிக் கிணறு கெட்டால் நம்ம பொம்பளைக எந்தக் கிணற்றுக்குப் போவாங்க? நிலம் கெட்டவனுக்கு நஷ்டஈடு கேட்கப் பட்டா இருக்கிறது. கால் வெந்தவன் எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? ஷாப்பை மூடு என்று உத்தரவு வந்தால் அன்றைக்கே கூலி போகிறவனும் அவன்தான்.

பூமி சூடாவதைச் சொல்லும் படங்களிலும் இதே கோளாறு. அல் கோர் வந்து பேசும் 2006-ஆம் வருசத்துப் படத்தை நானும் காட்டியிருக்கிறேன். கரியமில வாயு ஏறும் கோட்டைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஆனால் 'மனிதன் கெடுத்தான்' என்ற வாக்கியத்தில் யார் அந்த மனிதன்? அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-லேயே இதைக் கேட்டார்கள். பணக்கார நாட்டின் கார்ப் புகையும் ஏழையின் வயல் வாயுவும் ஒரே கணக்கா என்று. தேசம் அந்தக் கேள்வியை வெளிநாட்டுக்காரனிடம் உரக்கக் கேட்கிறது. அதையே ஊருக்குள் திருப்பிக் கேட்டால் சாதியை இழுக்காதே என்கிறது.

படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்து மதுரைக்காரர் ஆர்.பி. அமுதன் 2003-ல் எடுத்த 'பீ' படத்தில், தெருவில் மலம் அள்ளும் பெண்ணை விட்டுக் கேமரா விலகுவதில்லை. 2006-ல் வந்த அவருடைய 'செருப்பு' திருச்சியில் செருப்புத் தைக்கிறவர்களின் வாழ்க்கை. இரண்டையும் சுற்றுச்சூழல் படம் என்று யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன்.

இப்போது படம் முடிந்ததும் பிள்ளைகளை செல்போனோடு அவரவர் தெருவுக்கு அனுப்புகிறேன். ஒரு பெண் தன் அப்பத்தாவைப் பேசவிட்டுப் பதினோரு நிமிசம் எடுத்து வந்தாள். கிழவி தோல் ஷாப்புத் தண்ணியைப் பற்றி ரெண்டு நிமிசம்தான் பேசுகிறார். மிச்சமெல்லாம், கிணறு கெட்ட பிறகு ஊர்க் கிணற்றடியில் குடத்தோடு காத்துக் கிடந்ததும், யாராவது இறைத்து ஊற்ற மாட்டார்களா என்று பார்த்ததும்தான். அது தலைப்புக்குச் சம்பந்தமில்லை, வெட்டிவிடலாம் என்கிறார்கள் கூடப் படிக்கிறவர்கள். அவள் வெட்ட மாட்டேன் என்கிறாள். வகுப்பில் வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.