அவரையின் காத்திருப்பும் பெண்ணின் காத்திருப்பும்

ஆடியில் ஊன்றிய நாட்டு அவரை, மாதக்கணக்கில் வெறும் இலையாகவே பந்தலை மூடிக் கிடக்கும். எருவைக் கொட்டினாலும் தண்ணீரை ஊற்றினாலும் பூக்காது. பகல் குறுகி இரவு நீள வேண்டும். பனி இறங்கும் நாட்களில்தான் கொத்துக் கொத்தாகப் பூவெடுக்கும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெரிய ஏரியோடு பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் தாமல் போன்ற ஊர்களில் புழக்கடைத் தோட்டம் வைத்திருக்கும் பெண்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆடியில் விதை, மார்கழிக் கோலத்தின் சாணி உருண்டைக்குப் பரங்கிப்பூ, தைப் பொங்கலுக்கு மொச்சையும் அவரையும் என்று அவர்களுடைய நாட்காட்டி செடிகளில் இருக்கிறது.

பருவத்தோடு இசைந்து வாழ்வதே நல்ல வாழ்வு என்று இன்று நகரத்து மாடித் தோட்டங்கள் வரை பேசுகிறோம். அதில் உண்மை இருக்கிறது. மண்ணை அவசரப்படுத்த முடியாது என்று ஏற்பது ஓர் அறம்தான். ஆனால் காத்திருப்பது எல்லா இடத்திலும் அறமாகிவிடுமா?

தமிழில் ‘பருவம்’ என்ற சொல் மழைக்கும் பயிருக்கும் மட்டும் உரியதல்ல. பெண்ணின் உடலுக்கும் அதே சொல்தான். பருவம் வந்துவிட்டது, பருவம் தவறிவிடும் என்று சொல்லியே பெண்களின் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்துவைத்தார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்று புதுமணப் பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அனுப்புவார்கள். அவரையின் பருவத்தைச் சூரியன் தீர்மானிக்கிறது. இவளுடைய பருவத்தை வீட்டார் தீர்மானித்துவிட்டு, இயற்கை என்று பெயர் வைக்கிறார்கள்.

நெசவாளர் வீட்டுக்கு மழைக்காலம் வேறு முகம் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் ஈரம் ஏறும். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறி நின்றால் கூலியும் நிற்கும். அந்த வாரங்களில் உலை கொதிப்பதற்குப் புழக்கடைக் கீரையும் பரங்கியும் கைகொடுக்கும். அவற்றை வளர்த்தவளே ஆண்டு முழுக்கத் தார் சுற்றியவள். சேலைக்கு இவ்வளவு என்று வரும் கூலியில் அவளுடைய உழைப்பு பெரும்பாலும் தனியாகக் கணக்கில் வராது. பருவத்தோடு இசைவது அங்கே அழகான வாழ்க்கைமுறை அல்ல. பற்றாக்குறையைச் சமாளிக்கும் வேலை.

பெண்ணியத்துக்குள் இது பழைய விவாதம். 1988இல் வெளிவந்த ‘ஸ்டேயிங் அலைவ்’ நூலில் வந்தனா சிவா, பெண்களுக்கும் இயற்கைக்கும் உள்ள நெருக்கத்தை முன்வைத்தார். பொருளியலாளர் பீனா அகர்வால் மறுத்தார்: அந்த உறவைத் தீர்மானிப்பது பெண்மை அல்ல, யார் என்ன வேலை செய்கிறார்கள், சொத்து யாரிடம் இருக்கிறது, எந்த வர்க்கம், எந்தச் சாதி என்பவையே. விதையைப் பற்றிய அறிவு பெண்ணிடம் இருக்கிறது என்று கொண்டாடுவது எளிது. விதைக்கும் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பது கடினம்.

தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமானவர்களுக்கு அது இல்லை. பருவம் தவறக் கூடாது என்று சீக்கிரம் கட்டிக்கொடுக்கப்பட்டவள், அந்தக் கீழ்ப்படிதலுக்காகவே பங்கை இழந்தாள். 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவள், ஆகாதவள் என்ற பிரிவை நீக்கியது. அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இருந்தும் அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும், கொஞ்சம் பொறு என்ற பேச்சு ஓயவில்லை. சீர் வரிசையோடு கணக்கு முடிந்துவிட்டதாகப் பல வீடுகளில் இன்றும் நினைக்கிறார்கள்.

ஆகவே இரண்டு பொறுமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, மாற்ற முடியாததை அறிந்து அதற்கேற்ப வேலை செய்வது. அவரை விதைத்தவளின் பொறுமை அது. அதில் அறிவும் தேர்வும் உண்டு. மற்றொன்று, மனிதர்கள் தள்ளிப்போடுவதைக் காலத்தின் கட்டளை என்று நம்பிக் காத்திருப்பது. முதல் பொறுமை நமக்குப் பெருமை. இரண்டாவதை மண்ணின் பெயரால், பண்பாட்டின் பெயரால் நம்மிடம் கேட்பவர்களுக்கு நாம் கடன்பட்டவர்கள் அல்ல.

பகல் குறுகும்வரை அவரைக்காகக் காத்திருப்போம். சூரியனிடம் மனு கொடுக்க முடியாது. தாசில்தாரிடம் கொடுக்கலாம்.