அயலார் தோட்டத்துப் பூ

விடியற்காலையில் நடைக்குச் செல்வது அடியேனுக்குப் பல ஆண்டுப் பழக்கம். வைத்தியர் சொன்னதற்காகத் தொடங்கியது. நாளடைவில், வழியிலுள்ள வீடுகளின் முன்தோட்டங்களைக் காண்பதற்காகவே தொடர்ந்தது. ஒரு வீட்டில் அடுக்குச் செம்பருத்தி. அடுத்த வீட்டு வேலியெல்லாம் சங்குப்பூ. தெருக்கோடி வீட்டில் பவழமல்லி இரவெல்லாம் மலர்ந்து, பொழுது புலருமுன் தரையில் உதிர்ந்து கிடக்கும். மற்ற மலர்கள் மண்ணில் விழுந்தால் ஆராதனத்துக்கு ஆகா. பவழமல்லிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்பர் பெரியோர்.

கண்டு மகிழ்ந்ததோடு நில்லாமல் கையையும் நீட்டினேன் என்பதை மறைப்பானேன்? மதிலுக்கு வெளியே தெருவின்மேல் சாய்ந்திருந்த ஒரு நந்தியாவட்டைக் கிளையிலிருந்து நாள்தோறும் ஏழெட்டுப் பூக்களைப் பறித்து, அகத்துத் திருவாராதனத்துக்குக் கொண்டுவருவேன். ‘பெருமாளுக்குத்தானே’ என்ற ஒரு சொல் எல்லாக் கூச்சத்தையும் போக்கிவிட்டது. நுனியில் கொக்கி கட்டிய குச்சியோடும் பிளாஸ்டிக் பையோடும் காலையில் வலம்வரும் அன்பர்களைப் பல தெருக்களில் காணலாம். அடியேனும் அவர்களில் ஒருவன். குச்சி மட்டும் இல்லை.

ஒருநாள் புறப்படத் தாமதமாயிற்று. பறித்துக்கொண்டிருக்கையில் அவ்வீட்டுக் கதவு திறந்தது. வயதான அம்மையார் ஒருவர் சிறிய பூக்கூடையுடன் வாசற்படியில் நின்றார். அடியேன் கையை இழுத்துக்கொண்டேன்.

“பறிச்சுக்கோங்கோ மாமா. தினமும் நீங்க பறிச்சுட்டுப் போனப்புறம்தான் நான் வெளியில வருவேன். என்னைப் பார்த்தா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு.”

கோபித்துக்கொண்டிருந்தாரேயானால் ஏதாவது மறுமொழி சொல்லியிருக்கலாம். இதற்கு என்ன சொல்வது? அவரும் தம் அகத்துப் பெருமாளுக்காகவே கூடை எடுத்து வந்தவர். இத்தனை நாளும் அடியேன் மிச்சம் வைத்ததையே சாத்தி வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து நூல்களைப் புரட்டினேன், தன் கட்சிக்குச் சாதகமான வசனத்தைத் தேடும் வக்கீலைப் போல. கிடைக்கவும் கிடைத்தது. பசுவுக்கும் அக்நிக்கும் வேண்டிய புல்லையும் விறகையும், செடிகொடி மரங்களின் பூக்களையும் தன்னுடையவை போல் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது கௌதம தர்ம ஸூத்ரம். பழத்துக்கு மட்டும், வேலியிடப்படாத மரமாக இருக்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை. ஆகப் பூவைப் பொறுத்தவரை அடியேன் ஜயித்தாயிற்று. ஆயினும் மனம் சமாதானம் அடையவில்லை. எது களவு, எது களவன்று என்பது அங்குள்ள விசாரம். களவன்று என்பதனாலேயே ஒரு செயல் கைங்கர்யமாகிவிடுமா? தண்டனைக்குத் தப்புவது ஒன்று. எம்பெருமான் திருவுள்ளம் உகப்பது வேறொன்று.

‘அனைத்தும் எம்பெருமானுடைய உடைமை, இதில் அயலார் என்பவர் யார்?’ என்று கேட்கலாம். நம் ஸம்ப்ரதாயத்தில் இதைவிட வலிய வாதம் இல்லை. ஆத்மாவையே தன்னுடையது என்று எண்ணுவதை ஆத்மாபஹாரம், அதாவது பெருங்களவு, என்று பூர்வாசார்யர்கள் காட்டியிருக்க, ஒரு நந்தியாவட்டைக்கு உரிமை கொண்டாட யாருக்கு இடம்? ஆனால் இவ்வாதம் முதலில் வெட்டுவது பறிப்பவன் கையைத்தான். கிளையில் இருக்கும்போதும் அந்தப் பூ அவனுடையது. அம்மையாரின் கூடை வழியாகச் சென்றாலும் அவனையே சேரும். அப்படியிருக்க, அடியேன் கை வழியாகவே, அடியேன் அகத்துப் பெருமாளுக்கே சேரவேண்டும் என்று துடித்தது எது? பக்தி என்று அதற்குப் பெயரிட்டு வைத்திருந்தேன். அதில் பாதி மமகாரம்.

பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் அமைத்தே புஷ்ப கைங்கர்யம் செய்தனர். எம்பெருமானார் நியமனத்தால் திருமலையேறிய அனந்தாழ்வான் கதை இன்னும் கூர்மையானது. அவருடைய தோட்டத்தில் இரவுதோறும் பூக்கள் சிதைந்து கிடந்தன. காவலிருந்தார்; இளம் தம்பதிகள் அகப்பட்டனர். ஆடவன் ஓடிவிட்டான், பெண்பிள்ளையை மரத்தில் கட்டிவைத்தார். விடிந்தபின்தான் தெரிந்தது, வந்தவர்கள் திருவேங்கடமுடையானும் பிராட்டியும் என்று. ப்ரஹ்மோத்ஸவத்துக்கு மறுநாள் பெருமாள் அப்ரதக்ஷிணமாக அத்தோட்டத்துக்கு எழுந்தருளும் பாக் சவாரி உத்ஸவம் இன்றும் அதை நினைவூட்டுகிறது. உபய விபூதிக்கும் நாதன், தன் அடியவர் தோட்டத்தில் நுழைந்தபோது, ‘எல்லாம் என்னுடையதே’ என்று வாதாடவில்லை; ஓடினான். இக்கதையை எத்தனையோ முறை உபந்யாஸங்களில் கேட்டுச் சிரித்திருக்கிறேன். அந்த அம்மையாரைக் கண்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

இப்போதும் அதே வழியில்தான் நடக்கிறேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு. ஒவ்வொரு வாசலிலும் சிறிது நின்று, பூத்திருப்பதை அங்கேயே மாநஸமாக ஸமர்ப்பிக்கிறேன். அதிலும் ஒரு சந்தேகம் உண்டு: பிறர் நீர்வார்த்து வளர்த்ததை மனத்தால் மட்டும் ஸமர்ப்பிப்பது மிகச் சுலபமான கைங்கர்யம் அல்லவா? முழங்கால் வலியோடு குடம் சுமப்பவர் அவர். புண்யக் கணக்கு எழுதுபவன் அடியேன். ஆகையால் ஸமர்ப்பிக்கும்போது, வளர்த்தவர் பெயரைச் சேர்த்துச் சொல்கிறேன். பெயர் தெரியாத வீடுகளுக்குக் கதவின் நிறத்தைச் சொல்கிறேன். எம்பெருமானுக்குத் தெரியாதா என்ன!

சென்ற ஆண்டு அந்த அம்மையாரிடமே ஒரு கிளை கேட்டு வாங்கி, எங்கள் வாசலில் நட்டேன். மதிலைத் தாண்டித் தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது. சில வாரங்களுக்கு முன், விடியுமுன் எவரோ வந்து எல்லாப் பூக்களையும் பறித்துச் சென்றிருந்தார்கள். வெறுங்கிளையைக் கண்டதும் அடியேன் வாயிலிருந்து முதலில் வந்த சொல், “என் செடி!” என்பது. உள்ளே திருவாராதனத்துக்கு எல்லாம் தயாராக இருந்தது. அன்று துளசி மட்டும் சாத்தினோம்.