தாயாருக்கு எவ்வளவு தூரம்?

ஹைதராபாத்திலிருந்து ரேணிகுண்டா விமான நிலையத்திற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். அமெரிக்காவிலிருந்து வருபவரும் இன்று ஒன்றரை நாளுக்குள் வந்து சேர்ந்துவிடுகிறார். 1893-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் பம்பாயில் கப்பலேறிய சுவாமி விவேகானந்தர் சிகாகோவை அடைய, வழியில் சில ஊர்களில் தங்கியதையும் சேர்த்து, இரண்டு மாதங்கள் ஆயின. அத்தனை நாட்களை மிச்சப்படுத்திய மனிதன் அவற்றை என்ன செய்கிறான்?

திருமலைக்கு விமானத்தில் வரும் அன்பர் பலருக்குப் புறப்படும்போதே திரும்பும் நேரமும் குறிக்கப்பட்டுவிடுகிறது. தரிசன வரிசையில் தாமதமானால் முதலில் விடுபடுவது திருச்சானூர். மலையப்பனைச் சேவிப்பவர் பத்மாவதித் தாயாரையும் சேவித்தாலே யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. ஜீவனின் குற்றங்களைப் பொறுத்தருளுமாறு பகவானிடம் பரிந்து பேசுபவள் பிராட்டியே என்பது வைணவக் கொள்கை. இதனைப் ‘புருஷகாரம்’ என்பர். திருப்பதி நகரிலிருந்து திருச்சானூர் ஐந்து கிலோமீட்டர்தான். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களைக் கடந்து வந்தவருக்கு அந்த ஐந்து கடக்க இயலாததாகிவிடுகிறது!

கோயிலோடு இது நிற்பதில்லை. சித்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் முதிய தாய் காத்திருக்கிறாள். கடல் கடந்து வாழும் மகன் விடுமுறையில் வருகிறான். உறவினர் திருமணம், நிலப் பத்திரம், வங்கி வேலை எல்லாம் முடிந்தபின் அவளுக்கு எஞ்சுவது அரை நாள். அவனிடம் அன்பில்லை என்று சொல்வது அநியாயம். அவன் உழைப்பால்தான் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்தது. ஆயினும், ‘நினைத்தால் ஒரு நாளில் வந்துவிடலாம்’ என்ற எண்ணமே அவனை வரவிடாமல் செய்கிறது. எப்போது வேண்டுமானாலும் இயலும் என்பது எப்போதும் ஒத்திப்போடப்படுகிறது. கப்பலில் சென்றவன் பிரிவின் நீளத்தை அறிந்தே விடைபெற்றான். விமானத்தில் செல்பவன் பிரிந்ததாகவே நினைப்பதில்லை.

விமானத்தைக் குறை கூறிப் பயனில்லை. நடந்து மலையேறுபவர் மட்டுமே பக்தர் என்பதும் சரியன்று. முழங்கால் நோவுடைய முதியவருக்கு வாகனமே பெருமாளின் கருணை. விரைவு வழியைத்தான் குறைக்கும். சென்று சேர வேண்டும் என்ற சங்கல்பத்தை அதனால் தர இயலாது.

திருமலையிலிருந்து திருச்சானூர் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. விமானம் இரண்டே நிமிடங்களில் கடந்துவிடும் தூரம். ஸ்ரீநிவாசன் இரவுதோறும் மலையிறங்கித் தாயாரிடம் செல்கிறார், அதனால் அவருடைய பாதுகைகள் தேய்கின்றன என்பது அடியார்களின் நம்பிக்கை. கார்த்திகை பிரம்மோற்சவத்தின் நிறைவான பஞ்சமி தீர்த்தத்தன்று, அவரிடமிருந்து தாயாருக்குப் பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம் முதலான சீர்வரிசை வருகிறது. மலைமீது வண்டிகள் செல்லும் பாதை 1944-லேயே திறக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சீரைச் சுமந்தபடி படிவழியே அலிபிரிக்கு இறங்கி, அங்கிருந்து யானைமீது ஏற்றித் திருப்பதி வீதிகளின் வழியே மெல்லக் கொண்டுவருகிறார்கள். அது வந்து சேரும்வரை பத்மசரோவரத்தின் கரையில் பல்லாயிரம் பேர் காத்திருக்கிறார்கள்.