மீன் தின்னும் புலி

புலியும் மானும் ஒரே துறையில் நீர் அருந்தும் என்பது, நல்லாட்சியைச் சிறப்பிக்க நம் நாட்டில் வழிவழியாகச் சொல்லப்படும் சொல். அச்சொல்லைக் கண்ணுக்குக் காட்சியாக்கியது ஒரு சித்திரக்கதை. அமெரிக்க எழுத்தாளர் லீ ஃபாக் 1936ஆம் ஆண்டு படைத்த முகமூடி வீரரைத் தமிழ்ப் பிள்ளைகள் வேதாளர் என்றும், பின்னர் ராணி காமிக்ஸ் வாயிலாக மாயாவி என்றும் அறிந்தார்கள். அவருடைய காட்டு நாட்டில் ஈடன் என்றொரு தீவு உண்டு. அங்கே சிங்கமும் புலியும் மானோடும் ஆட்டோடும் பகையின்றி வாழும். கதை அதற்குக் காரணமும் கூறுகிறது: கொடிய விலங்குகளைக் குட்டிப் பருவத்திலேயே மற்றவற்றோடு சேர்த்து வளர்த்து, இறைச்சியின் சுவை அறியாதபடி மீன் கொடுத்துப் பழக்கிவிட்டார் அவ்வீரர்.

இக்கதைகளை இந்தியாவில் பரப்பிய இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் தொடங்கியது. அதே ஆண்டில்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1961இல், ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலை நிறுவப்பட்டிருந்தது. பல ஊரார், பல மொழியார், பல சமயத்தார் பிழைப்புத் தேடி வந்து, ஒரே சுவரின் இருபுறமும் குடியேறினர். "இத்தனை பேர் நடுவே நம் பிள்ளைகளை எப்படி நல்லவர்களாக வளர்ப்பது?" என்னும் கவலை அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. பெற்றோர் பலரின் உள்ளத்தில் எழும் விடை ஈடன் தீவுதான். நம் தெரு, நம் பள்ளி, நம் உறவு என்று வேலியிட்டு, தீயதின் சுவையே அறியாமல் வளர்த்துவிட்டால் போதும் என எண்ணுகிறோம்.

ஆனால், அத்தீவின் புலி நல்ல புலியா? இதை நாம் நின்று நிதானித்துக் கேட்க வேண்டும்.

மானைக் கொல்லாத புலி அதற்கு இரக்கம் காட்டியதாகாது. மான் உணவாகும் என்பதே அதற்குத் தெரியாது. அறியாமையால் செய்யாது விடுவது ஒன்று. ஆற்றலும் வாய்ப்பும் ஆசையும் இருந்தும் செய்யாது விடுவது வேறொன்று. இரண்டாவதையன்றோ நாம் ஒழுக்கம் என்கிறோம்? ஈடன் என்பது வேதங்கள் கூறும் சுவனத்தின் பெயர். திருக்குர்ஆன் அதனை 'அத்ன்' என்கிறது. ஆதம் (அலை) அவர்கள் வாழ்ந்த சுவனத்தில் விலக்கப்பட்ட மரம் ஒன்று இருந்தது. மறுக்கவும் மீறவும், மீறியபின் வருந்தி மீளவும் அங்கே இடமிருந்தது. சித்திரக்கதையின் ஈடனில் விலக்கப்பட்டது எதுவுமில்லை; ஆகவே கீழ்ப்படிதலும் இல்லை, தவ்பாவும் இல்லை. காப்பவர் ஒருநாள் வாராதொழிந்தால் அந்த அமைதி என்னாகும்?

இளமைப் பழக்கம் பயனற்றதென்று நாம் கூறவில்லை. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது. இளங்கன்றுக்கு வேலி வேண்டும். ஆனால் வேலி மரத்துக்காகவே. மரம் வேலிக்காக அன்று. கூடப் படிக்கும் பிள்ளை வேறு பண்டிகை கொண்டாடுகிறான்; அவனோடு எப்படிப் பழகுவது? எடையைக் குறைக்க வழியிருக்கும் கடையில், யாரும் பாராத நேரத்தில், கை என்ன செய்ய வேண்டும்? வேலிக்குள்ளேயே வளர்ந்த பிள்ளைக்கு இக்கேள்விகள் முதன்முறை வரும்போது விடை இராது.

இனி, பலரும் எண்ணாத ஒன்று: அந்த மீன்கள். புலிக்கும் மானுக்கும் அமைதி. அதன் விலை மீனின் உயிர். படத்தில் மீன் பேசுவதில்லை. ஆகவே படிப்பவரும் கேட்பதில்லை.

நம் முன்னோர் கேட்டிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டில் பஸராவின் 'இக்வானுஸ் ஸஃபா' அறிஞர்கள் எழுதிய கதையும் ஒரு தீவில்தான் நிகழ்கிறது. அங்கே ஜின்களின் அரசர் முன்னிலையில் விலங்குகள் மனிதன்மீது வழக்குத் தொடுக்கின்றன. நீர்வாழ் உயிர்களின் சார்பில் தவளை வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் இப்னு துஃபைல் எழுதிய 'ஹை இப்னு யக்ஸான்' கதையின் களமும் இந்தியப் பக்கத்துத் தீவொன்றே. மானின் பால் குடித்து வளர்ந்த அதன் நாயகன், பசிக்கு வேண்டிய அளவே உண்பது, கனியின் விதையைக் காப்பது, எந்த உயிரினத்தையும் அடியோடு அழிக்காதிருப்பது எனத் தனக்குத் தானே வரம்பு வகுத்துக்கொள்கிறான். அவனுக்கு வேலியிட்டவர் எவருமில்லை. அவன் உண்ணாதவன் அல்லன். உண்பதற்குக் கணக்கு வைத்திருப்பவன்.

நம் வீடுகளின் அமைதிக்கும் மீன்கள் உண்டு. சாக்கடை அடைப்பை எடுக்க இறங்குபவர், பிறர் வீட்டுப் பாத்திரம் துலக்கிவிட்டுத் தன் பிள்ளையைக் காண இரவில் திரும்பும் தாய், இரவு ஷிப்டில் கண் விழிக்கும் ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோர் நம் சித்திரத்தின் ஓரத்தில் இருக்கிறார்கள். நம் பிள்ளை எவரோடும் சண்டையிடாதவன் என்று மகிழ்கிறோம். அவனுடைய நல்வாழ்வுக்கு யார் உழைக்கிறார் என்பதை அவன் அறிவானா?

பிள்ளைகளின் கையிலிருந்து அந்தச் சித்திரக்கதையைப் பறிக்க வேண்டியதில்லை. அருகில் அமர்ந்து இரண்டு கேள்விகள் கேட்டால் போதும்: மானின் சுவை தெரிந்திருந்தால் இந்தப் புலி என்ன செய்யும்? மீனிடம் யாராவது கேட்டார்களா? இவற்றுக்கு விடை தேடும் பிள்ளை, அம்பத்தூரிலோ ஆவடியிலோ, எத்தனை பேர் நடுவே வாழ்ந்தாலும் நேர்மையாக வாழக் கற்றுக்கொள்வான்.